நீள நகமும் கண் லென்ஸும்: ஒரு மில்லிமீட்டருக்குள் நடக்கும் ஆபத்து

திருமணப் பருவம் வந்துவிட்டால் நம் வீடுகளில் இரண்டு பொருள்கள் தவறாமல் இடம்பிடிக்கின்றன. ஒன்று, கண்ணில் அணியும் காண்டாக்ட் லென்ஸ். மற்றொன்று, ஒப்பனை நிலையத்தில் ஒட்டிக்கொள்ளும் நீளமான செயற்கை நகம். தனித்தனியே பார்த்தால் இரண்டும் பெரிய தொல்லை தராதவை. இரண்டும் ஒரே ஆளிடம் சேரும்போதுதான் கதை மாறுகிறது.

இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கையின் திருமணத்துக்கு முதல் நாள், வாழ்க்கையில் முதன்முறையாகச் செயற்கை நகம் ஒட்டிக்கொண்டேன். பள்ளியில் அறிவியல் போதிக்கும் எனக்கு வெட்டிய நகம்தான் பழக்கம். மண்டபத்தில் அலங்கார வேலை முடிந்து வீடு திரும்பியபோது நள்ளிரவு ஆகிவிட்டது. தூக்கக் கலக்கத்தோடு குளியலறைக் கண்ணாடி முன் நின்று லென்ஸைக் கழற்ற முயன்றேன். பாதி லென்ஸ் கிழிந்து கையோடு வந்தது. மீதிப் பாதி கண்ணுக்குள் இருக்கிறது என்று நினைத்து மீண்டும் மீண்டும் கிள்ளினேன். அந்த மீதிப் பாதி கைகழுவும் தொட்டியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததை மறுநாள் காலையில் அம்மாதான் கண்டுபிடித்தார். நான் கிள்ளியது லென்ஸை அல்ல, என் கண்ணையே.

தங்கையின் கழுத்தில் தாலி ஏறியதை ஒற்றைக் கண்ணால்தான் பார்த்தேன். மற்றொரு கண் திறக்கவே இல்லை. வலியும் கண்ணீரும் நிற்கவில்லை. அன்று மாலை கண் மருத்துவர் ஒரு சொட்டு மஞ்சள் சாயத்தை விட்டு, நீல ஒளியை அடித்துப் பார்த்தார். கீறல் விழுந்த இடம் பச்சையாக ஒளிர்ந்தது. ஃபுளோரசீன் என்ற அந்தச் சாயம் நலமான மேற்பரப்பில் தங்காது. செல்கள் உரிந்த இடத்தில் தங்கி ஒளிரும். மாணவர்களுக்கு நான் சொல்லிக் கொடுத்த ஒளிர்வுப் பாடம் அன்று என் கண்ணிலேயே நடந்தது. நல்ல வேளையாக, நான்கு நாள் சொட்டு மருந்தோடு குணமாயிற்று. எல்லாருக்கும் அப்படி முடிவதில்லை. ஏன் என்று பார்ப்போம்.

கண்ணின் முன்கதவு

கைக்கடிகாரத்தின் முகப்பில் கண்ணாடி இருப்பதுபோல, நம் கருவிழியின் முன்னால் ஒளி ஊடுருவும் ஒரு படலம் இருக்கிறது. அதுதான் கார்னியா. நடுப்பகுதியில் அதன் தடிப்பு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் மட்டுமே. அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. இருந்தால் ஒளி தெளிவாக உள்ளே போகாது. ஆகவே அது தனக்குத் தேவையான உயிர்வளியைப் பெரும்பாலும் காற்றிலிருந்து கண்ணீர் வழியாகவே பெறுகிறது. உடலில் நரம்பு முனைகள் மிக நெருக்கமாக அமைந்த இடங்களுள் கார்னியாவும் ஒன்று. சிறு தூசி விழுந்தாலும் துடித்துப்போவது அதனால்தான்.

கார்னியாவின் மேல்தோல் சுமார் 50 மைக்ரோமீட்டர் தடிப்புள்ளது. அதாவது ஒரு மில்லிமீட்டரின் இருபதில் ஒரு பங்கு. இந்த மெல்லிய தோல்தான் கிருமிகளுக்கு எதிரான முன்கதவு. அதில் சிறு கீறல் விழுந்தால் ஓரிரு நாளில் செல்கள் வளர்ந்து மூடிவிடும். கீறல் அதற்கும் கீழே இறங்கினாலோ, மூடுவதற்குள் கிருமி நுழைந்துவிட்டாலோ, ஆறிய இடத்தில் தழும்பு நிற்கும். கையில் உள்ள தழும்பு தோற்றத்தை மட்டும் பாதிக்கும். கார்னியாவின் நடுவில் உள்ள தழும்போ பார்வையையே மறைக்கும்.

நகக் கீறலுக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு. ஆறிவிட்டதாக நினைத்த பிறகும், சில மாதங்கள் கழித்து ஒருநாள் காலையில் கண் விழிக்கும்போது அதே இடத்தில் தோல் மீண்டும் உரிந்து கடுமையாக வலிக்கலாம். புதிதாக வளர்ந்த செல்கள் அடித்தளத்தோடு உறுதியாகப் பிணையாததே இதற்குக் காரணம்.

ஒரு சின்னக் கணக்கு

அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுத்தால் கிடைப்பது. இது படிவம் 5 மாணவர்கள் வரை எல்லாருக்கும் தெரியும். விரல் நுனியின் சதைப்பகுதி கண்ணைத் தொடும் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நகத்தின் முனை தொடும் பரப்பு ஒரு சதுர மில்லிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டரில் 100 சதுர மில்லிமீட்டர் உண்டு. ஆகவே அதே விசையோடு தொட்டாலும் நக முனை தரும் அழுத்தம் 100 மடங்கு அதிகம்.

இயற்கை நகம் மெலிதானது. நீளமாக வளர்ந்தால் சற்று வளைந்து கொடுக்கும். அக்ரிலிக் நகமோ தடிப்பானது, வளையாது. கொடுத்த விசை அப்படியே முனைக்குப் போய்ச் சேரும். மேலும், விரல் சதை தொடும்போது நமக்கு உணர்வு துல்லியமாகக் கிடைக்கிறது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை மூளை உடனே அறிந்து திருத்துகிறது. செயற்கை நகத்தின் முனையில் நரம்பு ஏது? கை எங்கே முடிகிறது என்ற கணக்கே புதிதாக நகம் ஒட்டியவருக்குச் சில நாள் தவறிப்போகும்.

ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்

இங்கே சுவையான ஒரு வேதியியல் செய்தி. 1961ஆம் ஆண்டின் இறுதியில், பிராக் நகர விஞ்ஞானி ஓட்டோ விக்டர்லே, பிள்ளைகள் விளையாடும் உலோகக் கட்டுமானப் பொம்மைத் தொகுப்பையும் மிதிவண்டி டைனமோவையும் வைத்து வீட்டிலேயே ஓர் இயந்திரம் செய்து, சுழலும் அச்சில் மென்மையான லென்ஸ்களை வார்த்தெடுத்தார். அதற்கு அவர் பயன்படுத்திய மூலப்பொருளின் சுருக்கப் பெயர் ஹீமா. அதன் மூலக்கூறுகள் சங்கிலியாகப் பிணைந்து பல்லுறுப்பியாக மாறும்போது, ஏறக்குறைய 38 விழுக்காடு நீரை உள்ளிழுத்து வைத்துக்கொள்ளும் மென்மையான பொருள் கிடைக்கிறது.

அதே ஹீமாதான் இன்று பல ஜெல் நகப்பூச்சுகளிலும் இருக்கிறது! புறஊதா விளக்கின் கீழ் விரலை வைத்ததும் பூச்சு இறுகுவது, அந்த மூலக்கூறுகள் சங்கிலியாகப் பிணைவதால்தான். முழுமையாகப் பிணைந்த பொருளால் தொல்லை குறைவு. சரியாக இறுகாத பூச்சிலோ பிணையாத ஹீமா மிச்சமிருக்கும். அது சிலருக்குத் தோல் ஒவ்வாமையை உண்டாக்கும். விரலோரம் மட்டுமல்ல, அந்த விரலால் தொடும் கண் இமையிலும் அரிப்பும் வீக்கமும் வரலாம். நகம் ஒட்டிய பிறகு இமை அடிக்கடி தடித்துக்கொண்டால், குறையை லென்ஸ் மேல் மட்டும் போடாதீர்கள், நகப்பூச்சையும் சந்தேகியுங்கள்.

லென்ஸ் நீரை உறிஞ்சும் என்றேன் அல்லவா? அது நல்ல நீர், கெட்ட நீர் என்று பார்ப்பதில்லை. விரலில் ஒட்டியுள்ள நகச் சாயம் அகற்றும் திரவம், பசை, வாசனைத் திரவியம் என எதையும் உள்ளே இழுத்து, மெல்ல மெல்லக் கண்ணில் கசிய விடும்.

நகத்தடியில் யார் குடியிருக்கிறார்கள்?

நம் கையில் கிருமிகள் மிக அதிகமாகத் தங்குவது நகத்தின் அடியில்தான். ஒரு பாக்டீரியாவின் நீளம் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர். நகத்துக்கும் சதைக்கும் இடையில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், அது அவற்றுக்கு ஒரு பெரிய மண்டபம். செயற்கை நகம் அணிந்தவர்களின் விரல்களில், கை கழுவிய பிறகும், நோயுண்டாக்கும் கிருமிகள் கூடுதலாக இருப்பதை மருத்துவ ஆய்வுகள் காட்டியுள்ளன.

1997, 1998ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரில், பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்றில் சூடோமோனஸ் என்ற பாக்டீரியா பரவியது. 46 குழந்தைகளிடம் அது காணப்பட்டது; அவர்களுள் 16 பேர் இறந்தனர். புலனாய்ந்தவர்கள், நீள நகமோ செயற்கை நகமோ கொண்ட தாதியரின் கைகளும் அது நீடித்துப் பரவ உதவியிருக்கலாம் என்று கண்டார்கள். 2009ஆம் ஆண்டின் உலக சுகாதார நிறுவன வழிகாட்டி, நோயாளியைத் தொடும் பணியாளர்கள் செயற்கை நகம் அணியக்கூடாது, இயற்கை நகமும் அரை சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்கிறது.

அந்தச் சூடோமோனஸ், லென்ஸ் அணிவோரின் கண்ணுக்கும் முதன்மை எதிரி. ஈரம் அதற்குப் பிடித்தமானது. ஒட்டிய நகம் சற்றே தூக்கிக்கொண்டு அடியில் நீர் தேங்கினால், நகம் பச்சை நிறமாவதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அது இந்தப் பாக்டீரியாவின் நிறமி. கீறல் விழுந்த கார்னியாவுக்குள் அது நுழைந்துவிட்டால் ஓரிரு நாளிலேயே பெருஞ்சேதம் விளைவிக்கக்கூடும்.

அடுத்த எதிரி அகந்தமீபா. மண்ணிலும் ஆற்றிலும் நீச்சல் குளத்திலும் குழாய்த் தண்ணீரிலும் வாழும் ஓரணு உயிரி. சூழல் சரியில்லை என்றால் இரட்டைச் சுவர் கொண்ட கூட்டுக்குள் பதுங்கிவிடும். குழாய் நீரில் உள்ள குளோரின் அதை ஒன்றும் செய்வதில்லை. அது கண்ணில் புகுந்தால் சிகிச்சை பல மாதங்கள் நீளும். இப்போது யோசித்துப் பாருங்கள். கை கழுவிவிட்டு விரலை நன்றாகத் துடைக்கிறோம். ஆனால் நீள நகத்தின் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தங்கியிருக்கிறது. அந்தச் சொட்டு லென்ஸோடு சேர்ந்து நேரே கண்ணுக்குள் போகிறது.

பூஞ்சையும் சளைத்ததல்ல. 2005 மார்ச் தொடங்கி 2006 மே வரை, நம் அண்டை நாடான சிங்கப்பூரில் ஃபியூசேரியம் என்ற பூஞ்சையால் கார்னியா அழற்சி கண்ட 66 நோயாளிகளை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அவர்களுள் 65 பேர் மென்மையான லென்ஸ் அணிந்தவர்கள். பெரும்பாலோர் ஒரே வகைத் திரவத்தைப் பயன்படுத்தியிருந்தனர். 2006இல் அது உலகச் சந்தையிலிருந்தே மீட்டுக்கொள்ளப்பட்டது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. பத்தில் எட்டுப் பேர், லென்ஸோடு தூங்குவது, தவணை கடந்தும் அதே லென்ஸை அணிவது போன்ற தவறுகளையும் செய்திருந்தார்கள். பொருளும் பழக்கமும் சேர்ந்தே கெடுக்கின்றன.

நகமும் வேண்டும், லென்ஸும் வேண்டும் என்றால்?

இரண்டில் ஒன்றை விடுங்கள் என்று சொல்வது எளிது. ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் அப்படிச் சொன்னால் என்ன நடக்கும் என்பது ஆசிரியையான எனக்குத் தெரியும். எனவே செய்முறையைச் சொல்கிறேன். ஒரே ஒரு விதியை மனத்தில் வையுங்கள்: சதை கண்ணைப் பார்க்கட்டும், நகம் கண்ணாடியைப் பார்க்கட்டும்.

முதலில் நகம். கூர்முனையைத் தவிர்த்து உருண்டை முனையைக் கேளுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய மூன்றில் மட்டும் நகத்தைக் குட்டையாக வைக்கச் சொல்லுங்கள். லென்ஸ் வேலை முழுவதும் அந்த மூன்று விரல்களில்தான் நடக்கிறது. நகம் ஒட்டும்போதும் அரத்தால் தேய்க்கும்போதும் கண்ணில் லென்ஸ் வேண்டாம். தூளும் ஆவியும் அதில் படியும். அன்று மூக்குக்கண்ணாடி அணிந்து போங்கள்.

அடுத்து கை. சோப்பு நுரையோடு இருபது விநாடி கழுவுங்கள். நகத்தின் அடியை மென்மையான நகத் தூரிகையால் தேய்த்துவிடுங்கள். நூல் உதிராத துணியாலோ மெல்லிழைத் தாளாலோ துடைத்து, தாளின் முனையை நகத்தடியில் செலுத்தி அங்குள்ள ஈரத்தையும் ஒற்றி எடுங்கள்.

லென்ஸை எடுப்பது. பெட்டிக்குள் நகத்தை விட்டுத் துழாவினால் லென்ஸ் கிழியும். பெட்டியையோ புதிய பொதியையோ மெல்லச் சாய்த்து, திரவத்தோடு சேர்த்து லென்ஸை உள்ளங்கையில் ஊற்றிக்கொள்ளுங்கள். ஓரம் கிழிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கிண்ணம் போல் நின்றால் சரியான பக்கம். ஓரம் வெளியே விரிந்து தட்டுப் போல் தெரிந்தால் புரண்டிருக்கிறது.

அணிவது. ஆள்காட்டி விரலின் நுனியில் அல்லாமல், நுனிக்குச் சற்றுக் கீழே உள்ள சதையில் லென்ஸை வையுங்கள். மறு கையின் நடுவிரல் சதையால் மேல் இமையை முடிகளின் வேரோரம் பிடித்து உயர்த்துங்கள். லென்ஸ் உள்ள விரலைக் கண்ணை நோக்கிக் குத்துவதுபோல் நீட்டாமல், முகத்தோடு ஒட்டிப் படுக்கும்படி கொண்டுவந்து, சதையால் கண்ணில் ஒற்றுங்கள்.

கழற்றுவது. விபத்து அதிகம் நடப்பது இங்கேதான். முதலில் லென்ஸ் கண்ணில் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்: ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். எண்கள் தெளிவாகத் தெரிந்தால் லென்ஸ் இருக்கிறது. மங்கினால் அது விழுந்திருக்கலாம், விலகியிருக்கலாம், கிள்ளாதீர்கள். அன்றிரவு இந்தப் பத்து விநாடிச் சோதனையைச் செய்திருந்தால் நான் தப்பியிருப்பேன். கண் உலர்ந்திருந்தால் லென்ஸுக்கு உரிய ஈரப்பதச் சொட்டை விட்டுச் சில நிமிடம் காத்திருங்கள். பிறகு மேலே பார்த்தபடி, விரல் சதையால் லென்ஸைக் கண்ணின் வெள்ளைப் பகுதிக்கு இறக்குங்கள். அங்கே இரு விரல்களின் பக்கவாட்டுச் சதையால் மெல்லச் சேர்த்தால் லென்ஸ் மடிந்து வந்துவிடும்.

நகம் மிக நீளம் என்றால் இன்னொரு முறை உண்டு. ஒரு கையின் ஆள்காட்டி விரலை மேல் இமை ஓரத்திலும் மறு கையின் ஆள்காட்டி விரலைக் கீழ் இமை ஓரத்திலும் படுக்கவைத்து, இமைகளை மெல்ல அழுத்தி ஒன்றை நோக்கி ஒன்றைத் தள்ளினால், இமை ஓரங்களே லென்ஸைக் கிளப்பிவிடும். விரல் கண்ணைத் தொடவே தொடாது. இதை உங்கள் கண்ணாடிக் கடையின் பார்வைப் பரிசோதகரிடம் நேரில் ஒருமுறை செய்து காட்டச் சொல்லிப் பழகுங்கள். இரப்பர் முனை கொண்ட இடுக்கி போன்ற கருவிகளையும் அவர் சொல்லித் தந்த பிறகே பயன்படுத்துங்கள். உறிஞ்சு குமிழ் போன்ற கருவி கெட்டியான லென்ஸுக்கு உரியது. லென்ஸ் இல்லாத கண்ணில் அதை வைத்தால் கார்னியாவே காயப்படும்.

பராமரிப்பு. கூடுமானால் ஒருநாள் அணிந்து எறியும் வகையைத் தேர்ந்தெடுங்கள். பெட்டியும் இல்லை, தேய்த்துக் கழுவும் வேலையும் இல்லை. மாத லென்ஸ் என்றால் உள்ளங்கையில் வைத்து, நகம் படாமல் விரல் சதையால் தேய்த்து, உரிய திரவத்தால் அலசுங்கள். பழைய திரவத்தின் மேல் புதியதை ஊற்றாதீர்கள். பெட்டியைத் தினமும் காலி செய்து கவிழ்த்து உலர்த்துங்கள். மூன்று மாதத்துக்குள் மாற்றிவிடுங்கள். குழாய்த் தண்ணீர், எச்சில் இரண்டும் லென்ஸ் பக்கமே வரக்கூடாது.

விருந்துக்குப் போகும் நாளில் வரிசையும் முக்கியம். லென்ஸை அணிந்த பிறகு ஒப்பனை. திரும்பி வந்ததும் முதலில் லென்ஸைக் கழற்றிவிட்டு, அதன் பின் ஒப்பனையைக் கலையுங்கள். இரவுச் சந்தையில் விற்கும் வண்ண லென்ஸ் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். பார்வைக் குறை இல்லாதவர்களுக்கும் லென்ஸின் வளைவு கண்ணுக்குப் பொருந்துகிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். தோழிகள் லென்ஸை மாற்றி அணிந்து பார்ப்பது அறவே கூடாது.

இவை தோன்றினால் தாமதிக்காதீர்கள்

கண் சிவத்தல், லென்ஸைக் கழற்றிய பிறகும் தீராத வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, பார்வை மங்குதல், சீழ் அல்லது ஓயாத கண்ணீர், கருவிழியின் மேல் வெண்புள்ளி. இவற்றுள் எது தோன்றினாலும் லென்ஸை உடனே கழற்றி, அதே நாளில் கண் மருத்துவரிடமோ மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ செல்லுங்கள். நாளைக் காலை பார்த்துக்கொள்ளலாம் என்பது இங்கே செல்லாது. கழற்றிய லென்ஸையும் அதன் பெட்டியையும் எறியாமல் கையோடு எடுத்துப் போங்கள். எந்தக் கிருமி என்று ஆய்வுக்கூடம் கண்டறிய அவை உதவும். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய சொட்டு மருந்தை விடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் வலி அடங்கியதுபோல் தோன்றும். உள்ளே தொற்று வளரும். தாய்ப்பால், தேன், பன்னீர் போன்ற கை வைத்தியமும் வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு சொல். பிள்ளை கண் சிவந்து வந்து நின்றால், நகத்துக்குச் செலவழித்த பணத்தைப் பற்றிய வசவைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். திட்டுக்குப் பயந்து இரண்டு நாள் மறைத்த கண்ணைத்தான் காப்பாற்றுவது கடினம். அன்று காலை என் அம்மா ஒன்றும் கேட்காமல் என் கையைப் பிடித்துக் காருக்கு அழைத்தார். முகூர்த்தம் முடியட்டும் என்று அடம்பிடித்தவள் நான்தான். அந்தச் சில மணி நேரம் பிழைத்தது அதிர்ஷ்டம், அறிவு அல்ல.

இப்போது நான் லென்ஸும் அணிகிறேன். விசேஷ நாளில் நகத்துக்கு மருதாணி மட்டும் வைத்துக்கொள்கிறேன். நீங்கள் செயற்கை நகம் ஒட்டுவதானால், விசேஷத்துக்கு முதல் நாள் நள்ளிரவில் பழகாதீர்கள். ஒரு வாரம் முன்பே, நல்ல வெளிச்சத்தில், கண்ணாடி முன் நிதானமாக அமர்ந்து பழகிப் பாருங்கள். முடியவில்லை என்றால், அந்த ஒரு நாளுக்கு மூக்குக்கண்ணாடி ஒன்றும் அழகைக் கெடுத்துவிடாது. திருமணப் படத்தில் ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பதைவிட அது எவ்வளவோ மேல். சந்தேகம் இருந்தால் எங்கள் வீட்டு ஆல்பத்தைக் கேளுங்கள், காட்டுகிறேன்.